ஐந்து மூட்டைக் காவிக்கல்

தாது என்றால் என்ன என்பதை விதி தெளிவாகவே சொல்கிறது. உலோகத்தைப் பிரித்தெடுக்கும் பொருட்டுத் தோண்டப்படுகிற, சேர்த்து வைக்கப்படுகிற அல்லது கொண்டுசெல்லப்படுகிற, உலோகம் பொதிந்த கல்லோ மண்ணோ தாது ஆகும். அதற்கு அடுத்த துணை விதி இன்னும் தெளிவானது. மண்பாண்டங்களுக்கும் பீங்கானுக்கும் நிறமேற்றப் பயன்படும் கல், மண், பொடி ஆகியவை தாதுவாகக் கொள்ளப்படா; அவற்றை வண்டியில் கொண்டுசெல்ல நடைச்சீட்டு என்கிற அனுமதி தேவையில்லை.

இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கக்கூடிய ஒருவர் அன்று சோதனைச் சாவடியில் இருந்திருந்தால் எனக்கு இதை எழுதும் வேலை இருந்திருக்காது.

வருவாய்த் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு சிலருக்குத் தோட்டம் மிஞ்சுகிறது, சிலருக்குச் சர்க்கரை மிஞ்சுகிறது. எனக்கு விதிகள் மிஞ்சின. பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம் என்று விருத்தாசலத்தில் யாருக்கு என்ன சிக்கல் வந்தாலும் மாலையில் என் வீட்டு வாசலில் செருப்பு கிடக்கும். அப்படித்தான் அந்த நவம்பர் மாதக் கடைசியில் பின்தெருவிலிருந்து அந்தம்மாள் வந்தார்.

பீங்கான் பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தவர் அவர். பல வருடங்களாக ஃபியூஸ் கேரியர் மட்டும் செய்து வந்தார். மீட்டர் பெட்டியில் சொருகுகிற அந்த வெள்ளைப் பீங்கான் கட்டைதான். எங்கள் ஊரில் பாதிப் பேர் பெட்டிப் பெட்டியாக அதைத்தான் செய்தார்கள். அந்த வருடம் பெண்ணாடம் பக்கத்துப் பங்குக் கோயிலுக்குக் கிறிஸ்துமஸ் குடில் செய்துதரும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. முழங்கால் உயரத்தில் மாதா, சூசையப்பர், இடையர்கள், மூன்று ராசாக்கள், மாடு, கழுதை, ஆடுகள், ஒட்டகங்கள். கோயில் ஃபாதர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பார்க்கும்படியான குடில் வந்து சேர வேண்டும். வராவிட்டால் சென்னையிலிருந்து பிளாஸ்டர் பொம்மைகள் வரும், அதற்குப் பிறகு என்றைக்கும் பிளாஸ்டர்தான். நன்றாக வந்தால் சுற்றுவட்டாரப் பங்குகளுக்கும் அவரே சிபாரிசு செய்வார். அந்தம்மாள் அதை நம்பி, மின்சாமான் வியாபாரியிடம் இனிமேல் ஃபியூஸ் கேரியர் தர முடியாது என்று சொல்லிவிட்டார்.

“எத்தினி நாளு சார் அதையே செய்யறது?” என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். “ஃபியூஸு கேரியரைப் பாத்து யாராச்சும் கும்புடுறாங்களா? கரண்ட் போனா திட்டத்தான் செய்யிறாங்க.”

சிக்கல் மாட்டில் தொடங்கியது. கடையில் வாங்கிய பழுப்புப் பொடியைப் பூசிச் சுட்ட முதல் மாடு, காகிதம் பிரித்த சாக்லேட் போல வந்தது. அதை மாதிரிக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது ஃபாதர் சிரித்துவிட்டாராம். பிறகு யாரோ சொல்லி, காவிக்கல்லை அரைத்துப் பளபளப்புப் பூச்சில் கலந்து சுட்டுப் பார்த்திருக்கிறார். செவலை மாட்டின் நிறம் அப்படியே வந்திருக்கிறது. நாட்டு மருந்துக் கடைக் காவிப் பொடி உதவாது. அது சுண்ணாம்பில் சாயம் ஏற்றியது, சூட்டில் வெளுத்துவிடும். அசல் கல்தான் வேண்டும். சேலம் பக்கத்து வியாபாரி ஒருவரிடம் ஐந்து மூட்டை சொல்லியிருந்தார். மாடு, ஒட்டகங்கள், இடையர்களின் கம்பளி, எல்லாவற்றுக்கும் சேர்த்து.

“டெம்போவ நிறுத்திட்டாங்க சார்,” என்றார், செருப்பைக் கழற்றும்போதே.

“யாரு?”

“தாது ஆபீஸ்காரங்க. மூட்டையில என்னான்னு கேட்டிருக்காங்க. அந்த டிரைவரு, கல்லுன்னு சொல்லிட்டுப் பேசாம இருந்தா என்னா? இரும்புச் சத்து உள்ள கல்லு சார், ஒசத்தின்னு சொல்லியிருக்கான்.”

வியாபாரி அவனிடம் கல்லின் பெருமையைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவன் அதை வாங்கிக்கொண்ட அக்கறையோடு சாவடியில் ஒப்பித்திருக்கிறான். ‘இரும்புத் தாது, மூட்டை ஐந்து, நடைச்சீட்டு இல்லை’ என்று எழுதி இறக்கிக்கொண்டார்கள்.

உள்ளேயிருந்து என் மனைவி, “முருங்கைக்கீரையிலயும்தான் இரும்புச் சத்து இருக்குது. சந்தைக்கு வர்ற கீரைக்கட்டையெல்லாம் புடிப்பாங்களாமா?” என்றாள்.

நான் அதற்குச் சிரிக்கவில்லை. எனக்கு விதி தெரியும். இது ஒரு மணிநேர வேலை என்று நினைத்தேன். மறுநாள் காலை பஸ் ஏறி இருவரும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். அது எந்த அலுவலகம், எந்த ஊரில் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். மூட்டைகள் வாசலில் வேப்பமரத்தடியில் இருந்தன. ஒன்றின் மேல் ஒரு நாய் படுத்திருந்தது. அதன் வயிறெல்லாம் காவி.

அலுவலர் இளைஞர், படித்தவர், மரியாதை தெரிந்தவர். அதுதான் கஷ்டம். முரடராக இருந்திருந்தால் மேலே எழுதிப் போட்டு முடித்திருப்பேன். அவர் எனக்கு நாற்காலி போட்டு, டீ சொல்லி, விதிப் புத்தகத்தையும் எடுத்து வைத்தார். நான் துணை விதியைக் காட்டினேன். பொறுமையாகப் படித்தார்.

“நீங்க சொல்றது சரிதான் சார். உலோகத்தை எடுக்கிறதுக்காகக் கொண்டுபோனாதான் தாது. நிறத்துக்குன்னா தாது இல்லை.”

“அப்ப விட்டுடுங்க.”

“எதுக்குக் கொண்டுபோறாங்கன்னு கல்லப் பாத்தா தெரியாதே சார். உலோகம் இருக்குதான்னா லேப்ல பாத்துடலாம். நோக்கத்தை எந்த லேப்ல பாக்கிறது?”

ஒப்புக்கொள்ள வேண்டிய கேள்விதான். சிந்தித்துப் பார்த்தால் பூமியில் உலோகம் கலக்காத மண் ஏது? எதை உருக்கி எடுத்தால் பலன் உண்டு என்று ஒருவன் ஆசைப்படுகிறானோ அது தாது, மற்றதெல்லாம் கல். ஒரே கல் இரும்பு ஆலையின் வாசலில் தாது, கோயில் மதில் சுவரில் காவிப் பட்டை. பெயர் மனிதனுடைய ஆசையில் இருக்கிறது. ஆனால் ஆசையை மூட்டை கட்டி அரக்கு வைக்க முடியாது என்பது அவர் கட்சி.

“நிறத்துக்குத்தான்னு நிரூபிச்சிக் காட்டுங்க. இதே மூட்டைக் கல்லப் பூசிச் சுட்ட பொருள் ஒண்ணு கொண்டாந்தா போதும்,” என்றார்.

“அதுக்குத்தாங்க கல்லு வேணும்,” என்றார் அந்தம்மாள்.

“நிரூபிச்சதும் கல்லத் தந்துடுறேம்மா.”

“கல்லு குடுத்தாத்தான சார் நிரூபிக்க முடியும்?”

“விடுவிக்காம எப்பிடிம்மா குடுக்கிறது?”

இருவரும் இதை இன்னும் இரண்டு சுற்று சுற்றினார்கள். டீ வந்தது. நான் குறுக்கிட்டேன். கைப்பற்றிய பொருளிலிருந்து மாதிரி எடுக்கக் கோரும் உரிமை உரியவருக்கு உண்டு. மாதிரி மூன்று பங்காகும். ஒரு பங்கு அலுவலகத்துக்கு, ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று உரியவருக்கு. அந்த மூன்றாம் பங்கை வைத்துச் சுட்டுக் காட்டுவோம் என்றேன். அலுவலரின் முகம் மலர்ந்தது. தன் சிக்கலுக்கும் அதில் வழி கிடைத்தது என்று நினைத்திருப்பார். அங்கேயே மூட்டைகளைப் பிரித்து, கல் பொறுக்கி, துணிப்பையில் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்து அந்தம்மாளிடம் கொடுத்தார்.

“முத்திரை மட்டும் உடையாமப் பாத்துக்குங்க. முடிவு வர்ற வரைக்கும் பிரிக்கக் கூடாது.”

எனக்கு அந்த விதியும் தெரியும். அந்த நிமிஷம் அது நினைவுக்கு வராமல் போனதால் விதி மாறிவிடாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தம்மாள் பையை மடியில் வைத்து, ஸ்ரீமுஷ்ணம் கூட்டுச்சாலை வரை முத்திரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, “கல்லு வந்திடுச்சி சார். பாத்துக்கிட்டே இருக்கலாம்,” என்றார். வீட்டில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே அதை வைத்தார். வந்தவர்கள் ஏதோ புனிதப் பொருள் என்று நினைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் நான் முறைப்படி ஒரு மனு எழுதினேன். மேற்படி காவிக்கல் விதியின் பொருளில் தாதுவா, அல்லவா என்று தெளிவுரை கோரும் மனு. அலுவலர் அதை மேலிடத்துக்கு அனுப்பினார். அவர் மனசாட்சி உள்ளவர் என்பதால் ஒரு காரியம் கூடுதலாகச் செய்தார். ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் ஊர்ப் பீங்கான் களிமண்ணிலும் ஒரு பிடி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். இரண்டு மாதிரிகளுக்கும் ஒரே விதமாக முடிவு வந்தது: உலோகம் உள்ளது. களிமண்ணில் அலுமினியம், கொஞ்சம் இரும்பும்.

அதைச் சொல்ல அவரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். என் மனைவி பீங்கான் கோப்பையில் காபி கொடுத்தாள். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“சார், இதுலயும் இருக்குது.”

“குடிங்க, ஆறிடும்.”

“அப்ப இந்த ஊரு மண்ணே தாதுவா சார்?”

“நீங்க எப்பிடிப் படிக்கிறீங்களோ அப்பிடி.”

“கழுவறப் பேசன், கக்கூஸ் பேசன் எல்லாம் லாரி லாரியா போவுது சார்,” என்றார் தாழ்ந்த குரலில், யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல. பிறகு அதையும் தன் கடிதத்தில் ஒரு கேள்வியாகச் சேர்த்து மேலே எழுதிவிட்டதாகச் சொன்னார். என் மனுவுக்குப் பதில் வரும் நாள் அந்த இடத்திலேயே தள்ளிப் போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. எளிய கேள்விக்குப் பதில் எழுத ஒருவர் போதும். ஊரே தாதுவா என்ற கேள்விக்குக் குழு அமைப்பார்கள்.

சூளை முறை நெருங்கியது. எங்கள் பேட்டையில் சின்னப் பட்டறைக்காரர்களுக்குத் தனிச் சூளை கிடையாது. பொதுச் சூளையில் முறை வைத்துச் சுடுவார்கள். ரயில் பெட்டிகள் போல இரும்பு வண்டிகள் ஒரு முனையில் உள்ளே போய், வெந்த பொருளோடு மறுமுனையில் வெளியே வரும். உங்கள் முறை வருகிற அன்று வண்டியை நிரப்பியாக வேண்டும். விட்டால் அடுத்தவர் ஏற்றுவார். அந்த வருடம் பொங்கல் வரை உள்செங்கல் வேலைக்குச் சூளையை நிறுத்தப் போவதாகவும் அறிவித்திருந்தார்கள். அந்தம்மாளின் முறை மார்கழி பிறக்கும் வாரத்தில் வந்தது. அதுதான் கடைசி வாய்ப்பு.

பொம்மைகள் காய்ந்து தயாராக இருந்தன. மாதாவின் நீலமும் ராசாக்களின் பச்சையும் ஆகிவிட்டன. செவலை மட்டும் இல்லை.

“மூட்டைக்கு எழுதிக் குடுக்காம, யாரையாச்சும் புடிச்சிப் பேசியிருந்தா இந்நேரம் வந்திருக்கும்னு எங்க வூட்டுல சொல்றாங்க சார்,” என்றார் அந்தம்மாள்.

“யாரைப் பிடிச்சி?”

“அது தெரியாது. எழுதத் தெரியாதவங்களா பாத்து.”

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி உள்ளே போய் அலமாரியைக் குடைந்து, ஒரு பழைய காவிக்கட்டியை எடுத்து வந்தாள். கடைப் பொடி வருவதற்கு முந்தைய காலத்து அசல் கல். மார்கழிக் கோலத்துக்குக் கரை கட்ட வைத்திருந்தது. “இந்த வருசம் வெறும் கோலம் போட்டுக்கிறேன். எதிர்வூட்டுக்காரி கேட்டா, கரை தாது ஆபீஸ்ல இருக்குதுன்னு சொல்லிக்கலாம்,” என்றாள். நடைச்சீட்டு இல்லாமல் தெருவில் கொண்டுபோகும் பொருள் என்பதால் நான் அதை டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்து எடுத்துச் சென்றேன். அரசுப் பணியில் நான் செய்யாத காரியம்.

கட்டி சின்னது. அரைத்துக் கலந்தால் ஒரு உருவத்துக்குத்தான் வரும். மாடா, ஒட்டகமா, இடையரா என்று நான் கேட்டேன். எனக்கென்னவோ மூன்று ஒட்டகங்களையும் வெள்ளையாக நிறுத்துவது வேடிக்கையாகப் பட்டது.

“மாடுதான் சார்,” என்றார், யோசிக்காமல். “பெண்ணாடத்துல எல்லாரும் கரும்பு வண்டி ஓட்டுனவங்க. மாடு கொஞ்சம் தப்பா இருந்தாலும் பூசைக்கு நடுவுல பேசிக்குவாங்க. ஒட்டகத்தை அவங்க எங்க பாத்தாங்க? வெள்ளையா இருந்தா, அது அப்பிடித்தான் போலன்னு போயிடுவாங்க.”

வண்டி வெளியே வந்தபோது மாடு அச்சு அசல் செவலையாக இருந்தது. மற்ற விலங்குகள் பால் வெள்ளை. இடையர்களின் கம்பளியும் வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளையடித்த ஊரில் வழிதவறி வந்த ஒரு மாடு போலத் தெரிந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் டெம்போவில் வைக்கோல் பரப்பி எல்லாவற்றையும் ஏற்றினோம். நானும் கூடப் போனேன். அந்தச் சாவடியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சந்தேகம் பொய்க்கவில்லை. அதே அலுவலர் கையைக் காட்டினார். எங்களைப் பார்த்ததும் வருத்தமாகிவிட்டார்.

“சார், இதை எப்பிடி விடுறது? களிமண்ணுலயும் உலோகம்னு ரிப்போர்ட் வந்திருக்குது. கேள்வி மேல இருக்குது.”

“முன்னாடி ஒரு லாரி பேசன் போச்சே, விட்டீங்களே?”

“அந்த லாரிக்கு ஃபைல் இல்லை சார். உங்களுக்கு ஃபைல் இருக்குது.”

நிர்வாகம் என்பதைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தம்மாள் என்னைப் பார்த்தார். சூளையும் நின்றாகிவிட்டது, இது போய்ச் சேராவிட்டால் மறுபடியும் ஃபியூஸ் கேரியர்தான் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. அவர் கெஞ்சவில்லை. “மாட்டுக்கு மட்டும் தண்ணி காட்டிடுங்க சார், நிறுத்தி வெக்கிறதா இருந்தா,” என்று அலுவலரிடம் சொன்னார்.

நான் விதிகளை மனசுக்குள் புரட்டினேன். ஒன்று கிடைத்தது. துறையின் காவலில் கொண்டுசெல்லப்படும் பொருளுக்கு நடைச்சீட்டு தேவையில்லை.

“கைப்பற்றிக்குங்க,” என்றேன்.

“சார்?”

“மொத்தத்தையும் கைப்பற்றுங்க. உங்க காவல்ல வெக்க ஒரு பத்திரமான எடம் வேணுமில்ல? கோயில் இருக்குது. நீங்களே கூட வந்து, ஃபாதர்கிட்ட ஒப்படைச்சி, கையெழுத்து வாங்கிக்குங்க. முடிவு வர்ற வரைக்கும் பொருள் அங்க இருக்கட்டும். எல்லாம் விதிப்படி.”

அவர் டெம்போவை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏறினார். வைக்கோல் போதாமல் மாடு ஆடிக்கொண்டிருந்தது. “அதை மட்டும் என்கிட்ட குடுங்க. அதுலதான் இரும்பு நெறைய,” என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பெண்ணாடம் வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் மாட்டின் கொம்பைக் கையால் மூடிக்கொண்டே வந்தார்.

கோயிலில் ஃபாதரோடு விவசாயிகள் சிலர் காத்திருந்தார்கள். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டிவிட்டு வந்திருந்தார்கள் போல. அரிவாள் இடுப்பில் இருந்தது. முதலில் மாட்டைத்தான் பார்த்தார்கள். ஒருவர் குனிந்து முன்னங்காலைத் தடவினார்.

“செவலை நல்லாத்தான் இருக்குது. திமில் கொஞ்சம் சாஞ்சிருக்குது.”

“ஒன் மாட்டுக்கு மட்டும் நேராவா இருக்குது?” என்றார் இன்னொருவர்.

ஃபாதர் ஒட்டகங்களுக்கு முன்னால் நின்றார். “இதெல்லாம் ஏன் வெள்ளையா இருக்குது?”

அந்தம்மாள் வாயைத் திறப்பதற்குள், அலுவலர் வழக்கம்போல உண்மையைச் சொன்னார். “விசாரணையில இருக்குதுங்க ஃபாதர்.”

ஃபாதர் பேனாவைக் கேட்டு வாங்கினார். ஒப்புகையில் கையெழுத்திட்டார். ‘மாடு ஒன்று, கழுதை ஒன்று, ஒட்டகம் மூன்று’ என்று தொடங்கி, ‘குழந்தை ஒன்று’ என்று முடிந்தது அது. கீழே ஒரு வரி: மறு உத்தரவு வரும் வரை மேற்படி பொருட்களை இடமாற்றம் செய்யக் கூடாது.

கிறிஸ்துமஸ் நன்றாக நடந்தது. ஜனவரியில் மூன்று ராசாக்கள் திருவிழா முடிந்ததும் குடிலைப் பிரித்துவிடுவது வழக்கம். ஃபாதர் ஒப்புகையை எடுத்துப் படித்தார், பிரிக்கவில்லை. சாம்பல் புதன் வந்தது. தவக்காலத்தில் சிலைகளை ஊதாத் துணியால் மூடியபோது குடிலையும் மூடினார்கள். மாட்டின் கொம்பு மட்டும் துணியைத் தூக்கிக்கொண்டு தெரிந்தது. உயிர்த்த ஞாயிறன்று காலியான கல்லறைக்குப் பக்கத்திலேயே மாட்டுத் தொழுவம் இருந்தது. இயேசு இந்தப் பக்கம் பிறந்து அந்தப் பக்கம் உயிர்த்தெழுந்ததாக அந்த வருடம் பெண்ணாடத்துப் பிள்ளைகள் படித்தார்கள். கத்திரி வெயிலில் குடில் பார்க்க நல்லூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். வேறு பங்குகளின் ஃபாதர்கள் வந்தார்கள். ஒருவர் தன் கோயிலுக்கும் இதே மாதிரி வேண்டும் என்றார். ஒட்டகம் கட்டாயம் வெள்ளையாக இருக்க வேண்டுமாம்.

அந்தம்மாள் ஃபியூஸ் கேரியர் அச்சுகளைக் கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்தார். சேலத்திலிருந்து வேறு மூட்டைகள் வரவழைத்தார். “கேட்டா கோலத்துக்குன்னு சொல்லு,” என்று டிரைவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவன் சொன்னான், விட்டுவிட்டார்கள். அந்த மூட்டைகளுக்கு ஃபைல் இல்லை.

பிறகு ஒருநாள் தபாலில் என் மனுவுக்குப் பதில் வந்தது. மேற்படி கல் தாது அல்ல. தாது அல்லாத பொருள் இவ்வலுவலகத்தின் வரம்புக்குள் வராது. வரம்புக்குள் வராத பொருளை விடுவிக்கும் அதிகாரமும் இவ்வலுவலகத்துக்கு இல்லை. எனவே உரிய அலுவலகத்தை அணுகவும். கோயிலில் உள்ள மாடு வகையறாவை மட்டும், அவை பொம்மைகள் என்று தெரியவருவதால், அப்புறப்படுத்திக்கொள்ளலாம். ஊர்க் களிமண் பற்றிய கேள்வி தொடர்ந்து பரிசீலனையில் உள்ளது.

அந்தம்மாளிடம் படித்துக் காட்டினேன். கையில் பூச்சு காயாமல் நின்றுகொண்டே கேட்டார்.

“ஃபாதருக்குப் போன் பண்ணி, குடிலைப் பிரிச்சிடலாம்னு சொல்லட்டுமா?” என்றேன்.

“பிரிச்சி என்னா சார் பண்ணப் போறாங்க? இன்னும் ஆறு மாசந்தான, திரும்பவும் கட்டணும்,” என்றார். “இருக்கட்டும்னு சொல்லிடுங்க.”

பதிலின் பின்பக்கம், பெறப்பட்ட நாள் என்று நானே குறித்து வைத்தேன்: 2007 ஜூன் 20, புதன்கிழமை.